எந்த வாசல் வழியே?

நெடுங்கதை என்றால் தமிழர் மலைப்பதில்லை. திரௌபதியம்மன் கோயில் திடலில் நாட்கணக்கில் அமர்ந்து பாரதம் கேட்டவர்கள் நம் முன்னோர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது, இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டி வைத்த குடும்பங்கள் எத்தனை! அக் கதையை எங்கே தொடங்குவது என்று எவரும் எவரையும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது வரும் வந்தியத்தேவனோடு சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். ஒரே வாசல், ஒரே வழி.

ஆங்கிலத்தில் வெளிவந்துள்ள மாய உலகக் கதைத் தொடர்கள் இவ்வாறு எளியவை அல்ல. ஒன்று 14 பாகம், ஒன்று 41. ஒன்றன் முதற் பாகமே அதனுள் நுழைவதற்கு ஏற்ற வழியன்று. இன்னொன்று முடியவே இல்லை. ஆகவே நம் விடுதியில் என் அறைக்கு வரும் தம்பிமார், அலமாரியில் பௌதிக நூல்களை நெருக்கித் தள்ளிக்கொண்டு நிற்கும் அத் தடித்த புத்தகங்களைக் கண்டதும் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுகின்றனர். "அண்ணா, இதையெல்லாம் எங்கே தொடங்குவது?" என்பது ஒன்று. சற்றுத் தயங்கி, "தொடங்கத்தான் வேண்டுமா?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியை என் தந்தையாரும் தொலைபேசியில் கேட்பதுண்டு. அவர் கேட்கும் முறை மட்டும் வேறு: "பரீட்சைக்கு வருமாடா இது?"

வராது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

விஞ்ஞான மாணவன் எதையும் அளந்து பார்க்க வேண்டுமன்றோ? அளப்போம். ராபர்ட் ஜார்டன் எழுதிய 'காலச் சக்கரம்' என்னும் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 'தி வீல் ஆஃப் டைம்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். 1990-ல் முதற் பாகமும் 2013-ல் பதினான்காம் பாகமும் வெளிவந்தன. மொத்தம் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத நான் நிமிடத்துக்கு 200 சொல் படிப்பேன் என்று வைத்துக்கொள்வோம். 20,000 நிமிடம் ஆகும்; அதாவது 333 மணி நேரம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் படித்தாலும் ஐந்தரை மாதம். முதுகலைப் படிப்பின் ஒரு முழுப் பருவத்தைவிட அது நீளம்! அந்த நேரத்தில் குவாண்டம் இயக்கவியலைப் புரட்டி எடுத்திருக்கலாம். 'நெட்' தேர்வுக்கு ஒருமுறை அன்று, இருமுறை ஆயத்தம் செய்திருக்கலாம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பொருள் என்ன என்று ஒருவன் கேட்டால், அவனைக் கலைச்சுவை அறியாதவன் என்று ஏசுவது நியாயமாகாது.

நான் கண்ட பயனைச் சொல்கிறேன். நெடுந்தொடர் என்பது ஒரு கதை மட்டுமன்று. அது ஓர் ஊர். சிறுகதையை நாம் பார்த்துவிட்டு வருகிறோம். நாவலில் விருந்தினராய்த் தங்குகிறோம். 14 பாகத் தொடரிலோ குடியேற வேண்டியிருக்கிறது. குடியேறுவது என்றால் என்ன என்பது இம் மன்றத்தில் உள்ள நமக்குத் தெரிந்த அளவு பிறருக்குத் தெரிந்திராது. நான் சிவகாசியிலிருந்து காசிக்கு வந்தவன். ('சிவ' மட்டும் இரயிலில் எங்கோ கழன்றுவிட்டது என்பார் என் மாமா.) வந்த முதல் மாதம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், எந்தச் சந்து எந்தப் படித்துறையில் முடிகிறது, எதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், எதைக் கேட்டுச் சினக்கிறார்கள் என்று எதுவும் பிடிபடவில்லை. கடைத்தெருவின் பெயரே லங்கா. அனுமனைப் போல் நாள்தோறும் இலங்கைக்குச் சென்று மீண்டாலும், அங்கே பேசும் மொழி எனக்கு வாய்க்கவில்லை. நான்காவது மாதத்தில் ஒருநாள், தேநீர்க்கடையில் யாரோ சொன்ன நகைச்சுவைக்கு எல்லாருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் அது புரிந்துவிட்டது என்பதே தெரிந்தது! அந்த நொடிக்கு நான்கு மாத விலை கொடுத்திருந்தேன். குறுகிய பயணத்தில் அது கிடைத்திருக்காது.

நெடுந்தொடரின் இன்பமும் இத்தகையதே. ஆகவே, "எது முதற் பாகம்?" என்று கேட்பதைவிட, "புதிதாய் வருபவனுக்கு ஊரைப் பழக்கித் தரும் பாகம் எது?" என்று கேட்பதே பொருத்தம். சில தொடர்களில் இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடும். சிலவற்றில் இல்லை.

ஜார்டனின் முதற் பாகம் நல்ல வாசல். சிற்றூரை விட்டு வெளியே சென்றறியாத இளைஞர்களோடு நாமும் புறப்படுகிறோம். அவர்களுக்கு எது புதிதோ அது நமக்கும் புதிது. ஜார்டன் பௌதிகம் பயின்று, அமெரிக்கக் கடற்படையில் அணுசக்திப் பொறியாளராகப் பணி புரிந்தவர் என்பதை நம் துறை நண்பர்களின் பெருமைக்காக இங்கே சொல்லி வைக்கிறேன். அவருடைய மந்திர சக்திக்கும் விதிகள் உண்டு, வரம்புகள் உண்டு. அளவு மீறி இழுத்தால் இழுப்பவனே எரிந்து போவான்.

இதற்கு நேர்மாறானவர் ஸ்டீவன் எரிக்ஸன். 1999 முதல் 2011 வரை பத்துப் பாகங்களாக வந்த அவருடைய 'மலசான்' தொடரில் முதற் பாகமே ஒரு பெரும்போரின் நடுவில் நம்மை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. யார் இவர், எவ்வினத்தார், ஏன் சண்டை என்று விளக்குவாரில்லை. எரிக்ஸன் தொல்பொருள் ஆய்விலும் மானிடவியலிலும் பயிற்சி பெற்றவர். உடைந்த ஓடுகளை நம் கையில் கொடுத்துப் பானையை ஊகித்துக்கொள் என்கிறார்! இவரிடம் தொடங்கிப் பாதியில் ஓடிவந்த தம்பியர் இருவரை நான் அறிவேன். அவர்கள்மீது குற்றமில்லை. முதல் தொடராக இதை எடுக்காதீர்கள், மூன்றாவதாக எடுங்கள்.

'நார்னியா' கதைகளில் இன்னொரு சிக்கல். சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை ஏழு நூல்களை எழுதினார். 1955-ல் வந்த ஆறாவது நூல், அவ்வுலகம் தோன்றிய வரலாற்றைச் சொல்வது. பின்னாளில் பதிப்பாளர்கள், உலகம் தோன்றியது முதலில்தானே என்று எண்ணி அதற்கு ஒன்றாம் எண் கொடுத்துவிட்டார்கள். பிறப்பைச் சொன்ன பிறகுதான் பழக வேண்டும் என்றால் நாம் எவரோடு பழக முடியும்? முதலில் எழுதியதையே முதலில் படியுங்கள். அலமாரிக் கதவைத் திறந்த சிறுமி பனி பெய்யும் காட்டில் போய் நிற்கும் நூல் அது. டோல்கீனைப் பொறுத்தவரையில் தயக்கமே வேண்டாம். 1954-லும் 1955-லும் மூன்று பாகங்களாக வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' உண்மையில் ஒரே நாவல். தாளின் விலையும் அச்சுச் செலவும் அதை மூன்றாக்கின. அவர் மறைவுக்குப் பின் மகன் கிறிஸ்டஃபர் 1977-ல் பதிப்பித்த புராணத் தொகுதியை மட்டும் முதலில் தொடாதீர்கள். தலபுராணத்தை ஊரைப் பார்த்த பிறகு படிப்பதே சுவை.

டெரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' தொடரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தட்டையான வட்ட உலகம். அதைத் தாங்குவன நான்கு யானைகள். யானைகளைத் தாங்குவது ஓர் ஆமை. ஆமையோ விண்வெளியில் நீந்திச் செல்கிறது. திக்கஜங்களையும் கூர்மாவதாரத்தையும் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன? நம்மிடம் இருந்த எட்டு யானைகளில் நான்கை அவர் சிக்கனப்படுத்திவிட்டார், அவ்வளவே. 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள். ஆனால் முதலிரண்டு நூல்களும் அந்நாளைய மாயக் கதைகளைக் கேலி செய்யும் கதைகள். கேலிக்குள்ளான கதைகளை அறியாதவனுக்குச் சிரிப்பு வருவது கடினம். எனவே 1989-ல் வெளிவந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' என்பதில் தொடங்குங்கள். நகரக் காவற்படைத் தலைவன் வைம்ஸ் குடித்துவிட்டுச் சாக்கடையோரம் கிடக்கிறான். அவனை அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். காவற்படையைப் பற்றிய எட்டு நூல்களின் வழியே அவன் எழுந்து நிற்கிறான், குடியை விடுகிறான், மணம் புரிகிறான், மகனுக்கு ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்குக் கதை படித்துக் காட்டுவதற்காக உலகத்தையே எதிர்த்து ஓடி வருகிறான். அந்த ஆறு மணிக் காட்சியைத் தனியே எடுத்து ஒருவருக்குப் படித்துக் காட்டினால், இதில் என்ன இருக்கிறது என்பார். சாக்கடையோரம் கிடந்தவனைக் கண்டவனுக்குத்தான் தெரியும். நீளம் செய்கிற வேலை இதுதான். நீளத்தைத் தவிர வேறெதுவும் இதைச் செய்ய முடியாது.

அதே வைம்ஸ் 1993-ல் வந்த நூலொன்றில் காலணியைப் பற்றி எண்ணிப் பார்க்கிறான். ஐம்பது வெள்ளிக்கு வாங்கும் நல்ல காலணி ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. ஏழையால் பத்து வெள்ளிதான் தர முடியும். அவன் காலணி இரண்டொரு பருவத்தில் ஓட்டையாகிவிடுகிறது. பத்தாண்டில் ஏழை நூறு வெள்ளி செலவழித்திருப்பான், ஆயினும் கால் நனைந்துகொண்டேதான் இருக்கும். பொருளாதாரப் பாடத்தில் எனக்கு விளங்காத ஒன்று ஒரு பக்கத்தில் விளங்கிற்று. லங்காவில் ஆண்டுக்கு மூன்று சோடி மலிவுச் செருப்பு வாங்கும் எனக்கு விளங்காமல் போனால்தான் வியப்பு!

நீளம் தேவையில்லை, ஆழம் போதும் என்பவர்களுக்கு உர்சுலா லெ குவின் இருக்கிறார். 'எர்த்சீ' தொடரில் ஆறே நூல்கள்; எல்லாம் மெல்லியவை. 1968-ல் வந்த முதல் நூலிலேயே தொடங்கலாம். அதில் ஆடு மேய்க்கும் சிறுவனாக வரும் கெட், 2001-ல் வந்த கடைசி நூலில் வலிமையெல்லாம் தீர்ந்த முதியவன். மூன்றாம் நூலுக்கும் நான்காம் நூலுக்கும் இடையே ஆசிரியர் 18 ஆண்டு காத்திருந்தார். காத்திருந்தது வீண் போகவில்லை; நான்காம் நூலை ஒரு பெண்ணின் கண் வழியே எழுதி, முன்னே தாம் கட்டிய உலகத்தையே கேள்வி கேட்டார். இன்னொரு செய்தி: கெட் செம்மை கலந்த கரிய நிறத்தவன், அவ்வுலகத்து மாந்தருள் பெரும்பாலோர் மாநிறத்தார். 2004-ல் வந்த தொலைக்காட்சிப் படம் அவனை வெள்ளையனாக்கியபோது ஆசிரியர் வெளிப்படையாகவே கண்டித்தார்.

எர்த்சீயில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஊரார் அழைக்கும் பெயர் ஒன்று. உண்மைப் பெயர் மற்றொன்று. உண்மைப் பெயரை அறிந்தவனுக்கு அப்பொருள்மீது ஆற்றல் உண்டாதலால், அதை நம்பிக்கைக்குரியவரிடம் மட்டுமே சொல்வர். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை. வடநாட்டுப் படிவங்களில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டல்லவா? ஓர் அலுவலகத்தில் என் தலைப்பெழுத்தை விரித்து, தந்தை பெயரை அக் கட்டத்தில் இட்டுவிட்டார்கள். அன்று முதல் வருகைப் பதிவேட்டில், ஆய்வுக்கூடத்தில், வங்கியில் எல்லாம் நான் என் தந்தையாகவே நடமாடி வருகிறேன். என் பெயர் தெரிந்தவர்கள் இவ்வூரில் நம் மன்றத்து நண்பர்கள் முப்பது பேர்தாம். ஆம், கெட்டின் நிலையேதான்!

இவ்வளவும் ஆங்கிலக் கதை. ஆனால் நாம் வாழும் ஊரே ஒரு பெருந்தொடரின் பிறப்பிடம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. சென்ற கோடையில் ஆய்வுக்கூட வேலைக்காக விடுதியிலேயே தங்க நேர்ந்தது. நண்பர்களெல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். பகலில் 'லூ' என்னும் அனற்காற்று. இரவில் யாருமற்ற தாழ்வாரம். ஜார்டனின் நான்கு பாகங்களை அப்போதுதான் படித்தேன். மாலையில் தேநீர்க்கடைக்கு ஒரு பாகத்தைக் கையிலெடுத்துச் செல்வேன். நான் 'சாச்சா' என்று அழைக்கும் கடைக்காரப் பெரியவர் அதைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "மகனே, இவ்வளவு பெரிய கதை படிக்கிறவன் சந்திரகாந்தா படித்ததில்லையா? அதைப் படிப்பதற்காகவே ஹிந்தி கற்றவர்கள் உண்டு" என்றார். 1994-ல் தூர்தர்ஷனில் அது தொடராக வந்ததையும், அந்த நேரத்தில் கடைக்கு ஆள் வராததையும் சொன்னார்.

தேவகிநந்தன் கத்ரி காசியில் வாழ்ந்தவர். காசி மன்னரிடமிருந்து சக்கியா, நௌகட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அங்கே கண்ட பாழடைந்த கோட்டைகளும் குகைகளுமே அவர் கதைக்கு வித்திட்டன என்பர். 1888-ல் வெளிவரத் தொடங்கிய 'சந்திரகாந்தா' ஓர் அரசகுமாரியின் காதற்கதை. அதைத் தொடர்ந்து வந்த 'சந்திரகாந்தா சந்ததி' 24 பாகம்! கதையில் ஐயார்கள் வருகிறார்கள். நம் காதுக்கு வேறொன்றாய் ஒலித்தாலும் இவர்கள் ஐயரல்லர். மாறுவேடத்தில் வல்ல ஒற்றர்கள். தோளில் ஒரு பை. பைக்குள் மயக்கப் பொடி. மயங்கியவனை எழுப்ப 'லக்லகா' என்னும் மருந்து. பின்னும் திலிஸ்ம் என்ற மாயக் கோட்டை. அதன் பூட்டைத் திறக்க ஒரு நூல் வேண்டும், அந் நூலைப் பெற இன்னொரு பூட்டைத் திறக்க வேண்டும். மந்திரமென்று தோன்றுவனவற்றுள் பல, பின்னர் பொறியமைப்பு என்று தெளிவாகின்றன. பௌதிக மாணவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

கைப்பேசி அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு நாளைக்கு நான்கு பக்கமாகத் தொடங்கினேன். கத்ரியின் நடை எளிது. பண்டிதர் நடையன்று, கடைத்தெருவில் செல்லும் நடை. இரண்டு மாதத்தில் முதல் நூல் முடிந்தது. முடியும்போது நாளைக்கு இருபது பக்கம் ஓடிற்று. இடையிடையே விளங்காத இடங்களைச் சாச்சாவிடம் கேட்பேன். அவர் விளக்குவதை விட்டுக் கதையை மேலே சொல்லத் தொடங்கிவிடுவார். தடுத்து நிறுத்துவதற்கே எனக்கு நல்ல ஹிந்தி தேவைப்பட்டது! ஒருநாள் பாலில்லாத தேநீர் வேண்டுமென்று கேட்டேன். கடையே சிரித்தது. "அரசகுமாரன் வீரேந்திரசிங் வந்து கேட்பதுபோல் இருக்கிறது" என்றார் சாச்சா. இருக்கட்டும். அதற்கு முன் என்னை அங்கே யாரும் அரசகுமாரன் என்று சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு, சுனார்க் கோட்டைக்கும் போய் வந்தேன். இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கதையில் பகையரசன் சிவதத்தின் தலைநகர் அதுதான். பாறைமேல் கோட்டை, கீழே கங்கை. நான் அங்கே நின்றபோது வேற்றூரில் நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நெடுந்தொடரில் இறங்குவோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு: கதை ஆசிரியரின் ஆயுளைவிட நீண்டுவிடலாம். கத்ரி அடுத்துத் தொடங்கிய 'பூதநாத்' முடிவதற்குள் 1913-ல் காலமானார். மகன் துர்காபிரசாத் முடித்து வைத்தார். ஜார்டன் 2007-ல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று பாகங்களை எழுதினார். ஜார்ஜ் மார்ட்டினின் தொடரில் ஐந்தாம் பாகம் 2011-ல் வந்தது. ஆறாவதற்காக வாசகர்கள் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. பிராட்செட்டின் விருப்பம் வேறு. முடிக்காதவற்றை யாரும் முடிக்கலாகாது என்று சொல்லிவிட்டு 2015-ல் மறைந்தார். அவ்வண்ணமே 2017-ல் அவருடைய வன்தட்டைத் தரையில் வைத்துப் பழைய நீராவிச் சாலை உருளையை அதன்மேல் ஏற்றினார்கள். எது சரி என்று எங்கள் விடுதியில் ஓர் இரவு முழுவதும் வழக்காடினோம். எனக்கு உருளையே பிடித்திருக்கிறது. ஆனால் சாண்டர்சன் எழுதியிராவிட்டால் நான் அழுதிருப்பேன் என்பதும் உண்மை.

ஜார்டனைப் படிப்போருக்கு ஓர் எச்சரிக்கை. எட்டாம் பாகம் முதல் கதை நத்தையாய் நகரும். ஒன்பதாம் பாகத்தின் இறுதியில் நடந்த ஒரு பெருநிகழ்ச்சியை ஆங்காங்கே உள்ளவர்கள் தொலைவிலிருந்து உணர்வதே பத்தாம் பாகத்தின் பெரும்பகுதி. அதை விரைவாகப் புரட்டுங்கள். யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை. தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது தொடங்கவும் தொடங்காதீர்கள். லெ குவினின் முதல் நூலை அரைநாளில் முடித்துவிட்டுப் படிக்கப் போகலாம். மற்றவை மே மாதம் வரை பொறுக்கும்.

நான் இப்போது 'சந்ததி'யில் இரண்டாம் தொகுதி முடியும் இடத்தில் இருக்கிறேன். 24 பாகங்களையும் ஆறு தொகுதிகளாகக் கட்டியிருக்கிறார்கள். நூலகத்தில் மூன்றாம் தொகுதி மட்டும் அலமாரியில் இல்லை. யாரோ எடுத்துச் சென்றிருக்கிறார்கள். எடுத்தவர் நம் மன்றத்து அன்பராயின், தயவு செய்து விரைந்து படிக்க வேண்டுகிறேன். இடையில் கதையைச் சொல்லிவிடுவார் என்று அஞ்சி, சாச்சாவின் கடைப்பக்கம் ஒரு வாரமாகப் போகாமல் இருக்கிறேன்.